கொல்கத்தாவில் பியானோப் போட்டி தேடுவோர்க்கு

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை. நம் சங்கக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கி வைத்துக்கொண்டிருந்தோம். பாளையங்கோட்டையிலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருந்த முதலாண்டு மாணவர் ஒருவர் என்னருகே வந்து நின்றார்.

“அண்ணா, இந்த ஊரில் பியானோப் போட்டிகள் எங்கே நடக்கும்? உங்களைக் கேட்டால் தெரியும் என்று சொன்னார்கள்” என்றார்.

எட்டு ஆண்டுகள் முறையாகக் கற்றவர்; ஊரில் ஞாயிறுதோறும் ஆலயத்தில் வாசித்தவர். விடுதிக்கு வந்து இரண்டு மாதமாகியும் ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லையாம். “மேசை மேலே விரலை ஓட்டிப் பார்க்கிறேன் அண்ணா. நாலாவது விரல் சொன்னபடி கேட்கமாட்டேன் என்கிறது” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சிரிப்பு அதிகம் இல்லை.

அன்று அவருக்கு நான் சொன்னது பாதி. மீதியைப் பிறகு அலைந்து அறிந்துகொண்டேன். இரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பியானோ வாசிக்கும் தமிழ் மாணவர்கள் நம்மிடையே நாலைந்து பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். ஆயினும் அந்த நாலைந்து பேரும் ஆளுக்கொரு முறை இதே தெருக்களைச் சுற்றிக் காலைத் தேய்க்க வேண்டியதில்லை அல்லவா?

இவ்வூருக்கும் பியானோவுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. ஜோராசாங்கோவில் தாகூர் குடும்பத்து மாளிகையில், ரவீந்திரரின் தமையனார் ஜோதிரிந்திரநாதர் பியானோவின் முன் அமர்ந்து புதுப்புது மெட்டுகளை வாசிப்பாராம். இளைஞரான ரவீந்திரரும் நண்பர் அக்ஷய் சௌதுரியும் பக்கத்தில் இருந்துகொண்டு அம்மெட்டுகளுக்கு அங்கேயே சொற்களைப் பொருத்துவார்களாம். மகாகவியே தம் வாழ்க்கை நினைவுகளில் இதைக் குறித்திருக்கிறார். பம்பாயில் பிறந்த பார்சியான வி. பால்சாரா 1954ஆம் ஆண்டில் இந்நகரில் குடியேறி, ரவீந்திர சங்கீதத்தைப் பியானோவில் வாசித்தே வங்காளிகளின் உள்ளத்தைக் கவர்ந்தார். 2005இல் காலமாகும் வரையில் இவ்வூரே அவருக்கு ஊராயிற்று. சத்யஜித் ராயும் பியானோவில் வாசித்துப் பார்த்துத் தம் படங்களுக்கு இசை அமைத்தவரே. இத்தகைய ஊரில் ஒரு மாணவன் பியானோவைக் கண்ணால் காணாமலே ஓராண்டைக் கழித்துவிட முடிகிறது என்பதுதான் விந்தை. இங்கே பியானோக்கள் வீடுகளுக்குள்ளும் பள்ளிகளுக்குள்ளும் ஆலயங்களுக்குள்ளும் இருக்கின்றன. வீதியில் நடப்பவன் கண்ணுக்கு அவை படுவதில்லை. போட்டிகளும் அப்படியே.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் முதலாண்டில் இருந்தபோது, ஒரு கல்லூரியின் கலைவிழாவில் ‘மேற்கத்திய தனிக்கருவி’ என்று ஒரு போட்டி இருப்பதைச் சுவரொட்டியில் பார்த்து, பெயரைக் கொடுத்துவிட்டேன். ரக்மானினாவ் தமது பத்தொன்பதாம் வயதில், 1892இல், இயற்றிய சி ஷார்ப் மைனர் பிரிலூடைத் தேர்ந்தெடுத்தேன். அது இடி முழக்கம் போல் மூன்று பெரிய ஸ்வரங்களில் தொடங்கும். அந்த மூன்றைக் கேட்டவுடனே மன்றம் அடங்கிவிடும் என்பது என் கணக்கு. மேடையேறிப் பார்த்தால் அங்கே பியானோ இல்லை. இரும்புக் கால்களின்மேல் 61 கட்டைகள் கொண்ட மின்னணுக் கீபோர்டு ஒன்று நின்றது. பியானோவுக்கு 88 கட்டைகள். குறைந்துபோன 27 கட்டைகளில் என் இடக்கைக்குரிய அந்த மூன்று அடி ஸ்வரங்களும் அடங்கிவிட்டன! கருவியின் இடது ஓரத்துக்கு அப்பால் வெறும் காற்றுதான். பெடலும் இணைக்கப்படவில்லை. எனக்கு முன்னால் கிதார் வாசித்தவருக்குக் கைதட்டல் இன்னும் ஓயவில்லை. வலக்கையால் மட்டும் தொடங்கினேன். இடி முழங்கவில்லை, யாரோ கதவைத் தட்டியது போல் இருந்தது. பரிசைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

விழா நடத்திய மாணவர்களைக் குறை கூறமாட்டேன். அவர்களுக்குக் கீபோர்டும் பியானோவும் ஒன்றுதான். கேட்காமல் போனவன் நான். அன்று கற்றுக்கொண்ட முதற்பாடம் இது: பரிசு என்ன என்று கேட்பதற்கு முன் கருவி என்ன என்று கேட்க வேண்டும். கட்டைகள் எத்தனை, அழுத்தினால் பியானோவைப் போல் கனம் தருமா, பெடல் உண்டா என்ற மூன்று கேள்விகளைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். 61 கட்டைகள்தாம் என்றால் அதற்கேற்ற உருப்படியை எடுத்துச் செல்லுங்கள். பாக் 1722இல் தொகுத்த ‘வெல்-டெம்பர்டு கிளேவியர்’ முதற்புத்தகம் முழுவதும் நான்கு ஸ்தாயிக்குள் அடங்கிவிடுகிறது, பெடலும் தேவையில்லை. அந்தக் கீபோர்டில் பாக் கம்பீரமாகவே ஒலித்திருப்பார். ரக்மானினாவை அழைத்துக்கொண்டு போனவன் மேல்தான் பிழை.

கல்லூரிக் கலைவிழாக்கள் நம் மாணவர்களுக்கு எளிதில் எட்டும் மேடைகள். புனித சேவியர் கல்லூரியின் ‘சேவோத்சவ்’, ஜாதவ்பூரின் ‘சம்ஸ்கிருதி’, சற்றுத் தள்ளி கரக்பூர் ஐ.ஐ.டி.யின் ‘ஸ்பிரிங் ஃபெஸ்ட்’ என்று பெயர் பெற்ற விழாக்கள் பல. இவற்றின் அறிவிப்பில் ‘பியானோ’ என்ற சொல்லைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ‘தனிக்கருவி’, ‘மேற்கத்திய இசை’ என்ற தலைப்புகளின் கீழ்த் தேட வேண்டும். நேரக் கட்டுப்பாடும் கடுமையானது. முன்னால் அமர்ந்திருப்பவர்கள் இரவில் வரப்போகும் இசைக்குழுவுக்காகக் காத்திருப்பவர்கள். அவர்கள் நடுவே ஐந்து நிமிடம் மனம் சிதறாமல் வாசிப்பதும் ஒரு பயிற்சியே. ஆனால் உங்கள் வாசிப்பில் எது குறை என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் இளைஞர் விழாவை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். பல்கலைக்கழகத்துக்குள் தேர்வு, பிறகு மண்டலம், அதன் பிறகு தேசியம் என்று படிப்படியாகச் செல்லும் விழா அது. வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். மேற்கத்திய இசைப் பிரிவில் எந்தெந்தக் கருவிகளை ஏற்கிறார்கள் என்பதை மாணவர் நல அலுவலகத்தில் அவ்வாண்டின் விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள். கேட்டு வருகிறவர் இல்லாத காரணத்தாலேயே பல பல்கலைக்கழகங்களிலிருந்து யாரும் போவதில்லை. ஊரில் பெயர் பெற்ற டோவர் லேன் இசை மாநாடு 1952 முதல் நடந்து வருகிறது. இளங்கலைஞர்களுக்குப் போட்டியும் வைக்கிறார்கள். ஆனால் அது இந்துஸ்தானி இசைக்கான இடம். நம் தேடலுக்கு உதவாது. கேட்பதற்குப் போகலாம், கட்டாயம் போகலாம்.

இனி, பியானோவுக்கென்றே உள்ள இடங்கள். பாலிகஞ்சில் சன்னி பார்க் என்ற அமைதியான தெருவில் கல்கத்தா இசைப்பள்ளி இருக்கிறது. பிலிப் சாண்ட்ரே என்பவர் 1915இல் நிறுவியது. அவர் பெயரால் ஒரு மன்றமும் அங்கே உண்டு. லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கப் போகும் நம்மவர்களுக்கு அது ஒன்றும் எட்டாத தூரமன்று. இத்தகைய பள்ளிகளில் ஆசிரியர்களிடம் நேரே பேசுவதே சிறந்த வழி. மாணவர் கச்சேரி எப்போது, வெளியூரிலிருந்து கலைஞர் வந்து பாடம் நடத்தும் நாள் எது, வேறு நகரத்தில் என்ன போட்டி அறிவித்திருக்கிறார்கள் என்ற செய்திகள் எல்லாம் ஆசிரியர்களின் நாவில்தான் இருக்கின்றன. ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். பியானோப் போட்டிகளில் பல, பள்ளிப் பிள்ளைகளை எண்ணி வயது வகுத்தவை. பதினெட்டைத் தாண்டியவர்கள் ‘பொதுப் பிரிவு’ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்பிரிவில் நமக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரு பியானோ ஆசிரியராகவே இருக்கக்கூடும்!

போட்டி வேறு, தேர்வு வேறு என்பதையும் நம் பெற்றோர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். டிரினிட்டி கல்லூரித் தேர்வில் நூற்றுக்கு 60 வாங்கினால் தேர்ச்சி, 75க்கு மெரிட், 87க்கு டிஸ்டிங்ஷன். ராயல் பள்ளிகளின் கூட்டுக்குழுத் தேர்வில் மொத்தம் 150. அதில் 100 தேர்ச்சி, 120 மெரிட், 130 டிஸ்டிங்ஷன். அறைக்குள் தேர்வாளர் ஒருவரே இருப்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை வாங்கியது என்பதற்கும் உங்கள் மதிப்பெண்ணுக்கும் தொடர்பில்லை. போட்டியிலோ நீங்கள் நன்றாகவே வாசித்தும் தோற்கலாம். எட்டாம் கிரேடு தேறியவர் மேடையில் விரல் நடுங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவர் கற்காதது இசையை அன்று. அயலார் முன் வாசிப்பதை. “சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்காவில் பத்து லட்சம் டாலர் ஜெயிக்கவில்லையா?” என்று என் அத்தை ஒவ்வொரு விடுமுறையிலும் கேட்கிறார். 2019இல் ஜெயித்தது உண்மை. பதின்மூன்று வயதில் அவர் காட்டிய வேகத்தை உலகமே பார்த்தது. ஆனால் அது பலவகைக் கலைஞர்களும் கலந்துகொண்ட தொலைக்காட்சி நிகழ்ச்சி. அத்தைக்கு இதை விளக்கி நான் இன்னும் வெற்றி பெறவில்லை.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் படம்பிடித்து அனுப்பும் போட்டிகள் பெருகிவிட்டன. வீட்டிலிருந்தே வெளிநாட்டுப் போட்டியில் சேரலாம் என்பது நல்லதுதான். ஆனால் சிலவற்றில் கட்டணம் கட்டியவர் எல்லாருக்கும் ஏதோ ஒரு ‘முதற்பரிசு’ வந்துவிடுகிறது. நடுவர்கள் பெயர் வெளியிடப்பட்டிருக்கிறதா, எழுத்தில் குறிப்புரை தருவார்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு ஒரு பியானோவை இரண்டு மணி நேரம் வாடகைக்கு எடுத்து வாசிப்பதே மேல் என்பது என் கருத்து.

இப்போது, இவற்றையெல்லாம்விட எனக்கு அதிகம் உதவிய வழியைச் சொல்கிறேன். அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஆசிரியர் அல்லர். பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ஒரு முதியவர். மிர்ஸா காலிப் தெரு என்று இன்று பெயர் பெற்றுள்ள பழைய ஃப்ரீ ஸ்கூல் தெருப் பக்கம் இசைக்கருவிக் கடை ஒன்றில் அவரைச் சந்தித்தேன். என் ரக்மானினாவ் கதையைக் கேட்டு நெடுநேரம் சிரித்தார். பிறகு, எந்த மன்றத்திலும் போட்டியோ கச்சேரியோ நடப்பதற்குச் சில நாள் முன்னால் தமக்குத்தான் அழைப்பு வரும் என்றார். யோசித்துப் பாருங்கள். இவ்வூரின் ஈரக்காற்றில் மரம் உப்புகிறது, கட்டை சிக்கிக்கொள்கிறது, சுருதி கலைகிறது. மழைக்காலம் போய்க் குளிர்காலம் வரும்போது மறுபடியும் எல்லாம் மாறிவிடுகின்றன. ஆகவே சுருதி சேர்க்காமல் ஒருவரும் பியானோவை மேடையேற்ற முடியாது. கார்த்திகை முதல் மாசி வரை அவருடைய நாட்குறிப்பே இந்நகரின் பியானோ நிகழ்ச்சி நிரல். அவரை அழைத்திருக்கிறார்கள் என்றால் அங்கே உண்மையான பியானோ இருக்கிறது என்பதற்கு வேறு சான்றும் வேண்டா.

எந்தப் பியானோ எங்கே சும்மா கிடக்கிறது என்பதும் அவருக்கே தெரியும். அவர் சொல்லித்தான் ஓர் ஆலயத்தின் கூடத்தில் பழைய நிமிர்ந்த பியானோ ஒன்று பூட்டிக் கிடப்பதை அறிந்தேன். ஆலயப் பொறுப்பாளரிடம் கடிதம் கொடுத்து, மாதம் ஒருமுறை ஞாயிறு ஆராதனைக்கு வாசிப்பதாக ஒப்புக்கொண்டு, வாரத்தில் மூன்று மாலை அனுமதி பெற்றேன். போட்டியைத் தேடிப் புறப்பட்ட எனக்குக் கடைசியில் கிடைத்தது வாசிக்க ஓர் இடம். முதலில் தேடியிருக்க வேண்டியதும் அதுதான். வியட்நாம் நாட்டு டாங் தாய் சோன் 1980இல் வார்சாவில் ஷோப்பான் போட்டியில் வென்றார். ஆசியாவிலிருந்து அங்கே முதற்பரிசு பெற்ற முதல்வர் அவரே. போர்க்காலத்தில் ஹனாய் நகரை விட்டு மலைப்புறத்துக் கிராமத்துக்குப் போனபோது, அவர் பயில்வதற்கான பியானோவை எருமைகளைப் பூட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். நமக்கு எருமை தேடும் வேலை இல்லை. ஒரு கடிதம் எழுதும் வேலைதான்.

பாளையங்கோட்டைத் தம்பியை ஐப்பசியில் அங்கே அழைத்துப் போனேன். மூடியைத் திறந்து, ஒரு கீர்த்தனையின் மெட்டை மெல்ல வாசித்தார். நடு ஸ்தாயியில் ஒரு கட்டை அழுத்தினால் எழுந்திருக்காது. அதைச் சுண்டுவிரலால் தூக்கிவிட்டுத் தொடர்ந்தார். நாலாவது விரல் இரண்டு இடத்தில் தவறியது. “போட்டி எப்போது அண்ணா?” என்று அன்று அவர் கேட்கவில்லை. தை மாதத்தில் தாமே ஒரு போட்டியைக் கண்டுபிடித்து, கட்டைகள் எத்தனை என்று விசாரித்து, பெயர் கொடுத்துவிட்டு வந்து சொன்னார். மூன்றாவது இடம் கிடைத்தது. நடுவர் எழுதிக்கொடுத்த தாளில், இடக்கை வலக்கையை மூழ்கடிக்கிறது என்று இருந்தது. அதைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மாலை ஐந்துக்கு மேல் அக்கூடத்தில் நாங்கள் இருவரும் இருப்போம். வேறு யாரேனும் வாசிக்க விரும்பினால் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். சாவி காவலரிடம் இருக்கும். ஏழு மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.