பின்னணிக்கும் ஓர் அளவு உண்டு

பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு



திருமண வீட்டிற்குப் போய்வந்த ஒருவரிடம், "மணப்பெண் எப்படி இருந்தாள்?" என்று கேட்டார்களாம். அவர் வாசலில் கட்டிய வாழைமரம், தென்னங்கீற்றுப் பந்தல், நாகசுரக் கச்சேரி, பந்தியில் போட்ட பாயசம் என்று ஒரு நாழிகை நேரம் பேசினாராம். மணப்பெண்ணைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். இவ்வாண்டு நான் எழுதிய கட்டுரை ஒன்றும் அப்படித்தான் அமைந்துவிட்டது. அதனை எவ்வாறு திருத்தினேன் என்பதையும், அதனால் நான் கற்ற பாடத்தையும் இங்குக் கூற விரும்புகிறேன்.

வகுப்புக் கலைக்களஞ்சியம்

தமிழில் கலைக்களஞ்சியம் உண்டாக்கப் பெரியோர் பலர் பாடுபட்டுள்ளனர். ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910-ஆம் ஆண்டு வெளிவந்தது. பின்னர்த் தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் 'கலைக்களஞ்சியம்' வெளியிட்டது. இவற்றைப் பற்றி வகுப்பில் பாடம் நடந்தபோது, எங்கள் தமிழாசிரியையான அருட்சகோதரி, "நாமும் ஒரு சிறு கலைக்களஞ்சியம் எழுதி நூலகத்திற்குக் கொடுப்போமா?" என்று கேட்டார்கள். எல்லோரும் மகிழ்ச்சியுடன் இசைந்தோம். ஆளுக்கோர் எழுத்துப் பிரிக்கப்பட்டது. எனக்குக் கிடைத்தது 'தி'.

நான் தேர்ந்தெடுத்த தலைப்புகளுள் ஒன்று, இசைஞானி இளையராஜா இசையமைத்து 2005-ஆம் ஆண்டு வெளிவந்த 'திருவாசகம்' என்னும் இசைத்தொகுப்பு. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய ஊர் நம் திருவண்ணாமலை என்பர். கிரிவலப் பாதையில் அடிஅண்ணாமலையில் அவருக்குத் தனிக் கோயிலும் இருக்கிறது. ஆகவே இக்கட்டுரையை என்னைவிடச் சிறப்பாக எழுதக் கூடியவர் யார் என்று சற்றே கர்வமும் கொண்டேன்.

ஆறு பக்கக் கட்டுரை

ஒரு வாரம் உழைத்து ஆறு பக்கம் எழுதினேன். முதல் பக்கத்தில் அண்ணாமலையார் கோயிலும், பதினான்கு கிலோமீட்டர் கிரிவலமும், கார்த்திகை தீபமும் இடம்பெற்றன. அடுத்த ஒன்றரைப் பக்கத்தில் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகரின் வரலாறும், நரிகள் பரிகளான கதையும் வந்தன. அரைப் பக்கத்தில் 1900-ஆம் ஆண்டு திருவாசகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட ஜி. யு. போப் வந்தார். பின்னர் ஒன்றரைப் பக்கம் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் இளமையும், 1976-இல் 'அன்னக்கிளி' படம் வெளிவந்த செய்தியும். ஒரு பக்கம் மேலைநாட்டு இசை. இசைத்தொகுப்பிற்கு மிஞ்சியது கடைசி அரைப் பக்கம்தான்.

அருட்சகோதரி முழுவதையும் படித்தார்கள். பாராட்டுவார்கள் என்று காத்து நின்றேன். அவர்களோ ஒன்றும் கூறாமல், தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அழைத்து, "இதைப் படித்துவிட்டு அக்காவிடம் ஏதாவது கேள்வி கேளம்மா" என்றார்கள்.

அந்தச் சிறுமி விரல் வைத்துப் பொறுமையாகப் படித்தாள். பிறகு நிமிர்ந்து, "அக்கா, இந்தத் தொகுப்பில் திருவெம்பாவை எத்தனையாவது பாட்டு?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. இருக்குமென்றே நானும் எண்ணியிருந்தேன். முகம் சிவந்துவிட்டது.

ஆயாவின் திருவாசகம்

அன்று மாலை மாமாவின் கைபேசியில் அந்தத் தொகுப்பை முதன்முறையாக முழுவதும் கேட்டேன். கேளாமலே ஆறு பக்கம் எழுதியவள் நான் என்பதை இங்கு ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தொகுப்பில் உள்ளவை ஆறு பாடல்கள். எங்கள் ஆயாவிடம் அட்டை கிழிந்த பழைய திருவாசகப் புத்தகம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பாடலின் தொடக்கத்தையும் நான் சொல்ல, ஆயா அது எந்தப் பதிகம் என்று உடனே கூறி, பக்கத்தையும் புரட்டித் தந்தார்கள். அப்பதிப்பில் ஒவ்வொரு பதிகத் தலைப்பிலும் அது எந்தத் தலத்தில் அருளப்பட்டது என்ற குறிப்பும் இருக்கிறது.

முதல் பாடல் யாத்திரைப்பத்து, தலம் தில்லை. இரண்டாவது சிவபுராணத்தில் வரும் அடிகள், தலம் திருப்பெருந்துறை. மூன்றாவது திருக்கோத்தும்பி; தில்லை. நான்காவது பிடித்தபத்து, திருத்தோணிபுரம். ஐந்தாவது திருப்பொற்சுண்ணம், தில்லை. ஆறாவது அச்சப்பத்து, அதுவும் தில்லையே. திருவாசகத்தின் 51 பதிகங்களுள் அண்ணாமலையில் அருளியவை எனக் குறிப்பிடப்படும் திருவெம்பாவையும் திருவம்மானையும் இந்த ஆறில் இல்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆயா, நம்ம ஊரைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்கேனே. அதை எப்படி எடுக்கிறது?" என்றேன்.

மார்கழி மாதம் முழுவதும் விடியற்காலையில் திருவெம்பாவை பாடுகிறவர்கள் எங்கள் ஆயா. என் பக்கமே பேசுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் சிரித்துக்கொண்டே, "இல்லாததை இருக்கிற மாதிரி எழுதாதே கண்ணு. நீ எழுதித்தான் அண்ணாமலையாருக்குப் பெருமை வரணுமா?" என்று கேட்டார்கள்.

உண்மையும் தவறாகலாம்

"நான் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லையே, சிஸ்டர்" என்று மறுநாள் வாதாடினேன். அதற்கு அருட்சகோதரி கூறிய விடைதான் நான் கற்ற முதற்பாடம்.

"பொய் இல்லைதான் அம்மா. ஆனால் படித்த குழந்தை என்ன நினைத்தாள்? திருவெம்பாவை இந்தத் தொகுப்பில் இருப்பதாக நினைத்தாள். உண்மையான செய்தியையும் பொருந்தாத இடத்தில் வைத்தால், படிப்பவர் மனத்தில் பொய்யான எண்ணம் உண்டாகிவிடும்" என்றார்கள்.

போப் அவர்களைப் பற்றிய பகுதியை மீண்டும் பார்த்தேன். அங்கும் அதே பிழை! இத்தொகுப்பின் பாட்டில் தமிழோடு ஆங்கில வரிகளும் கலந்து வருகின்றன. அவற்றை எழுதியவர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் என்னும் அமெரிக்கப் பாடலாசிரியர். நானோ போப்பின் மொழிபெயர்ப்பைப் பற்றி அரைப் பக்கம் எழுதி, ஷ்வார்ட்ஸ் பெயரைக் கடைசி வரியில் சொருகியிருந்தேன். படிப்பவர் அந்த ஆங்கில வரிகள் போப் எழுதியவை என்றே கொள்வார். உழைத்தவர் ஒருவர், புகழ் பெறுபவர் வேறொருவர் என்றாகிவிடும். அது நியாயமாகுமா?

மூன்று கேள்விகள்

பின்னர் அருட்சகோதரி கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதினார்கள். பின்னணிச் செய்தி ஒவ்வொன்றையும் இவற்றால் சோதிக்க வேண்டும் என்றார்கள்.

1. இச்செய்தியை நீக்கினால் இசைத்தொகுப்பைப் புரிந்துகொள்வதில் குறை உண்டாகுமா?

2. இச்செய்திக்கும் தொகுப்புக்கும் உள்ள தொடர்பு உண்மையில் இருப்பதா, நம் ஆசையால் நாமே கட்டியதா?

3. இதனை விரிவாகச் சொல்ல வேறு தலைப்பு இருக்கிறதா?

முதற்கேள்வியால் சில செய்திகள் பிழைத்தன. திருவாசகம் என்பது சைவத் திருமுறைகளுள் எட்டாம் திருமுறையைச் சேர்ந்தது, பாடியவர் மாணிக்கவாசகர் என்பதைச் சொல்லாவிட்டால், அயல்நாட்டில் இருந்து படிக்கும் ஒருவருக்குத் தொகுப்பின் பெயரே விளங்காது. ஆகவே அதற்கு இரண்டு வரி வேண்டும். நரி பரியான கதை வேண்டியதில்லை. இளையராஜா இதற்கு முன்பே 1986-இல் 'ஹௌ டு நேம் இட்', 1988-இல் 'நத்திங் பட் விண்ட்' என்னும் திரைப்படம் சாராத தொகுப்புகளை அளித்தவர் என்பதற்கு ஒரு வரி தேவை. அவருடைய இளமைக்கால வரலாறு 'இளையராஜா' என்ற தலைப்பிற்கு உரியது.

'ஓரட்டோரியோ' என்ற சொல்லில் பெரிய வாக்குவாதம் எழுந்தது. இத்தொகுப்பைச் சிம்பொனி என்று பலரும் அழைக்கின்றனர். ஆனால் சமயப் பொருளைப் பாடகர்களும் குழுப்பாடகர்களும் இசைக்குழுவுடன் சேர்ந்து பாடும் இவ்வடிவத்திற்கு ஓரட்டோரியோ என்பதே பெயர். ஹாண்டல் என்பவரின் 'மெசையா' 1742-இல் டப்ளின் நகரில் முதன்முதலாக அரங்கேறியது; அது இவ்வகையைச் சேர்ந்ததே. ரோமாபுரியில் புனித பிலிப்பு நேரியார் நடத்திய செபக்கூடத்தின் பெயரிலிருந்தே இச்சொல் பிறந்தது. எங்கள் பள்ளியில் புனிதர் வரலாறு என்றால் எல்லோருக்கும் விருப்பம். "புனிதரைப் பற்றி ஒரு பக்கமாவது இருக்கட்டுமே!" என்று தோழியர் பலர் கூறினர். அருட்சகோதரியோ, "உன் ஊருக்கு ஒரு நீதி, என் புனிதருக்கு ஒரு நீதியா? சொல்லின் பொருளுக்கு ஒரு வரி போதும். மற்றது 'பிலிப்பு நேரி' என்ற தலைப்பில் வரட்டும்" என்று கூறிவிட்டார்கள். அப்போதுதான் என் மனவருத்தம் முழுவதும் நீங்கியது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. இத்தொகுப்பை உருவாக்கி வெளியிட்டது 'தமிழ் மையம்' என்னும் அமைப்பு. அதனை நிறுவியவர் கத்தோலிக்கக் குருவானவர் ஜெகத் கஸ்பர் ராஜ் அடிகளார். "நாம் கத்தோலிக்கப் பள்ளி மாணவியர். இதை எழுதினால் நம் பெருமையை நாமே பேசுவதாகாதா?" என்று ஒரு தோழி கேட்டாள். நானும் அடித்துவிடலாமா என்று எண்ணினேன். ஆனால் சைவத் திருமுறை ஒன்று கிறிஸ்தவக் குரு ஒருவரின் முயற்சியால் ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவின் வாசிப்போடு ஒலித்தது என்றால், அது தொகுப்பு உருவான வரலாறே அன்றோ? அதனை நீக்கினால் யார் செய்தது, எப்படி நடந்தது என்பதே தெரியாமல் போகும். பெருமைக்காகச் சேர்ப்பது எவ்வளவு தவறோ, கூச்சத்தால் நீக்குவதும் அவ்வளவு தவறு என்று உணர்ந்தேன். ஆகவே அச்செய்தி நிலைத்தது.

கட்டுரையின் புதிய தொடக்கம்

ஆறு பக்கம் ஒன்றரைப் பக்கமாயிற்று. இப்போது அது இவ்வாறு தொடங்குகிறது:

"திருவாசகம் (இசைத்தொகுப்பு): மாணிக்கவாசகரின் திருவாசகத்திலிருந்து ஆறு பகுதிகளை எடுத்து இளையராஜா இசையமைத்துப் பாடிய தொகுப்பு. 2005-ஆம் ஆண்டு வெளிவந்தது. தமிழ் மையம் வெளியிட்டது. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. ஆங்கில வரிகளை எழுதியவர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். ஓரட்டோரியோ என்னும் மேலைநாட்டு இசை வடிவைச் சார்ந்தது."

இதன்பின் ஐந்து வரிகளில் பின்னணி. அதன்பின் ஒவ்வொரு பாடலாகச் சொல்லியிருக்கிறேன். இப்பகுதியை எழுதுவதற்காக ஆறு பாடல்களையும் பலமுறை கேட்டேன். பின்னணியை எழுதப் புத்தகம் பார்த்தால் போதும். பாடலைப் பற்றி எழுதப் பாடலைக் கேட்க வேண்டும். அந்த உழைப்பிற்குச் சோம்பியே முன்பு பின்னணியில் ஒளிந்துகொண்டேன் என்பது இப்போது விளங்குகிறது.

முடிவுரை

நீக்கிய பக்கங்கள் என்னவாயின என்று கேட்பீர்கள். அவை வீணாகவில்லை. கலைக்களஞ்சியத்தில் 'காண்க' என்றொரு நல்ல சொல் உண்டு. என் கட்டுரையின் இறுதியில், 'காண்க: இளையராஜா, திருவெம்பாவை, போப், மாணிக்கவாசகர்' என்று எழுதினேன். அகரவரிசையில் 'திருவாசகம்' என்னும் தலைப்பிற்கு முன்னே 'திருவண்ணாமலை' வருகிறது. பின்னே 'திருவெம்பாவை' வருகிறது. இரண்டும் 'தி' எழுத்தே ஆதலால் அவற்றையும் நானே எழுதினேன். நம் ஊரின் பெருமைக்கு உரிய இடத்திலேயே உரிய பக்கங்கள் கிடைத்துவிட்டன.

எழுதி முடித்த அன்று அந்த ஆறாம் வகுப்புச் சிறுமியைத் தேடிப்போய்க் கட்டுரையைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அக்கா, அச்சப்பத்து எனக்கும் கேட்க வேண்டும்" என்றாள். இதைவிட வேறு பரிசு வேண்டுமா?

தோழியரே! அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். நமக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்வது கட்டுரை ஆகாது. படிப்பவர் எதைத் தேடி வந்தாரோ அதை முதலில் அவர் கையில் கொடுப்போம். பந்தலைப் பிறகு காட்டலாம். மணப்பெண்ணை முதலில் காட்டுவோம்.