யோகமும் உழைப்பாளியின் அன்றாட வாழ்வும்

நெசவாளரின் மூலதனம் யாது என்று வினவினால், தறி என்பர் சிலர். நூல் என்பர் சிலர். நூல் இல்லாதவருக்குச் சங்கம் நூல் தருகிறது. தறி பழுதானால் கடன் பெற்றுச் சீர்செய்துகொள்ளலாம். உழவருக்கு விதையும் உரமும் அவ்வாறே கிடைக்கின்றன. ஆனால் உழைக்கும் தேகத்தை எந்தச் சங்கமும் எவருக்கும் கடனாக வழங்க இயலாது. நெய்த அளவுக்கே கூலி என்னும் தொழிலில், முதுகு நிமிர முடியாமல் ஒருவர் பத்து நாள் படுத்துவிட்டால் பத்து நாள் அடுப்பும் அணைந்துவிடும். ஆகவே தேகத்தையும் மனத்தையும் பேணுவது நமக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்கன்று. அது குடும்பத்தின் வரவு செலவைச் சார்ந்த காரியம். இக்காரணம் பற்றியே யோகத்தைக் குறித்த இப்பாடத்தை அங்கத்தினர்முன் வைக்கின்றோம்.

1. சொல்லின் பொருள்

யோகம் என்னும் சொல் 'யுஜ்' என்ற வடமொழி வேரினின்றும் பிறந்தது. இணைத்தல், பூட்டுதல் என்பன அதன் பொருள்கள். ஏரில் மாடுகளைப் பூட்டுதலையும் அவ்வேர் குறிக்கும். தனித்தனியே இழுக்கும் இரு மாடுகளும் ஒரு நுகத்தில் இணைந்தால்தான் உழவு நடக்கும் என்பதை உழவருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உடல் ஒருபுறமும் மனம் மறுபுறமுமாக இழுபடாமல் ஒரே சாலில் செல்லும்படி செய்வதே யோகம்.

பதஞ்சலி முனிவர் இயற்றிய யோக சூத்திரம் இத்துறையில் முதன்மையான நூலாக மதிக்கப்படுகிறது. அதில் 196 சூத்திரங்கள் உள்ளன. சில ஏடுகளில் 195 எனவும் காணப்படும். அவற்றுள் ஆசனத்தைப்பற்றி நேரடியாகப் பேசுவன மூன்றே. உடலை முறுக்கிக் காட்டும் வித்தையே யோகம் என்ற எண்ணம் எத்துணைப் பிழையானது என்பது இதனால் விளங்கும். மனத்தின் அலைவுகள் அடங்கி நிற்கும் நிலையையே அந்நூல் யோகமென்று வரையறுக்கிறது. ஆசனமோ அசைவின்றியும் வருத்தமின்றியும் இருக்கத்தக்க இருக்கை என்ற அளவில் அமைகிறது.

தமிழிலும் இக்கல்வி தொன்மையானது. பத்தாம் திருமுறையாகிய திருமந்திரத்தில் ஒன்பது தந்திரங்கள் உள. அவற்றுள் மூன்றாம் தந்திரம் யோகத்தை விரித்துரைக்கிறது.

2. எட்டு உறுப்புகள்

யோகத்திற்கு எட்டு உறுப்புகள் கூறப்படுகின்றன. அவையாவன: இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி.

இயமம் என்பது பிறரிடம் நாம் ஒழுகவேண்டிய முறை. நியமம் என்பது நம்மை நாமே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் முறை. ஆசனம் உடலையும், பிராணாயாமம் மூச்சையும் நெறிப்படுத்தும். பிரத்தியாகாரம் புலன்களை வெளிப்பொருள்களினின்றும் மீட்பது. தாரணை மனத்தை ஒன்றில் நிறுத்துவது. அந்நிலை தொடர்ந்து நீடிப்பது தியானம். தியானம் முதிர்ந்த நிலை சமாதி. கடைசிப் படிகள் சிலருக்கே கைகூடும். முதல் நான்கோ குடும்பஸ்தர் யாவரும் கைக்கொள்ளத்தக்கவை. எம்மதத்தினரும் தத்தம் வழிபாட்டை மாற்றிக்கொள்ளாமலே ஆசனத்தையும் மூச்சுப் பயிற்சியையும் மேற்கொள்ளலாம்.

3. முதற்படி நமது சங்கத்தில்

யோகத்தின் வாயிற்படி ஆசனமன்று, இயமமே என்பதைக் கவனிக்கவேண்டும். பதஞ்சலி கூறும் இயமங்கள் ஐந்து: பிற உயிர்க்கு இன்னா செய்யாமை, வாய்மை, கள்ளாமை, புலனடக்கம், தேவைக்கு மேல் பொருளைச் சேர்த்து வையாமை.

இவற்றைக் கூட்டுறவு வாழ்வோடு பொருத்திப் பாருங்கள். சங்கம் எடைபோட்டுத் தந்த நூலில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்து, ஊடையை நெருக்கமின்றி அடித்து, அளவை மட்டும் நிறைவுபடுத்திக் காட்டும் ஒருவர், விடியற்காலையில் எத்தனை ஆசனம் செய்தாலும் யோகியாகார். பருத்தியை நனைத்து எடை ஏற்றிக் கொணர்பவரும் அத்தகையவரே. அவரால் ஏமாற்றப்படுவோர் சங்கத்தின் மற்றைய அங்கத்தினரே. துணி திரும்பி வந்தால் நஷ்டம் அனைவரையும் சாரும். அளவைக் குறைத்தெழுதும் எழுத்தரையும், தம் உறவினர்க்கே முதலில் கடன் வழங்கும் நிர்வாகியையும் இவ்விதி விட்டுவிடாது. மேலும், பொய்க்கணக்கு எழுதியவரின் மனம் தணிக்கை முடியும்வரை அமைதியடைவதில்லை. அலையும் மனத்தோடு கண்ணை மூடி அமர்ந்தால் அலைச்சல்தான் மிகும். இதனாற்றான் முன்னோர் ஒழுக்கத்தை முதலில் வைத்தனர் போலும்.

4. உழைப்பவருக்கு யோகம் எதற்கு?

"நாள் முழுதும் உடலால் உழைக்கிறோம், எங்களுக்குத் தனியே பயிற்சி வேண்டுமா?" என்று அங்கத்தினர் பலர் கேட்பதுண்டு. இது நியாயமான கேள்வி. இதற்கு விடை, உழைப்பு வேறு, பயிற்சி வேறு என்பதே.

குழித்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரைப் பாருங்கள். ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்கிறது. மறு கை அச்சை அடிக்கிறது. கால்கள் மிதிகளை மாறி மாறி மிதிக்கின்றன. முதுகோ முன்னோக்கி வளைந்தபடியே பல மணி நேரம் நிற்கிறது. கண் இழையை விட்டு அகல்வதில்லை. நடவிலும் களையெடுப்பிலும் ஈடுபட்ட பெண்கள் இடுப்பிலிருந்து மடங்கியே நாளைக் கழிக்கின்றனர். தார் சுற்றும் பெண்கள் தரையில் அமர்ந்து ஒரே கையை ஓயாமல் இயக்குகின்றனர். அது முடிந்தபின் அடுப்பங்கரை வேலையும் அவர்களுக்கே காத்திருக்கிறது. இவ்வுழைப்பில் சில தசைகள் அளவுக்கு மீறித் தேய்கின்றன. சில தசைகள் அசைவின்றிச் சோர்கின்றன.

முதுகெலும்பில் அசையும் கண்ணெலும்புகள் 24 உள்ளன. அவற்றின் இடையிடையே மெத்தைபோன்ற தட்டுகள் அமைந்திருக்கின்றன. வளர்ந்தவர்களின் உடலில் இத்தட்டுகளுக்குப் பெரும்பாலும் நேரடியான இரத்தக் குழாய்கள் இல்லை. சுற்றியுள்ள திசுக்களிலிருந்து ஊட்டம் மெல்லக் கசிந்தே அவற்றைச் சென்றடைகிறது. அதற்கு உடலின் அசைவு துணைசெய்கிறது. ஒரே வளைவில் நெடுநேரம் இருப்பது ஏன் தீங்காகும், இடையிடையே நிமிர்வது ஏன் நன்மையாகும் என்பது இதனால் தெளிவாகும்.

நாட்பட்ட இடுப்புவலிக்கு முதலில் கைக்கொள்ளத்தக்க மருந்தில்லா முறைகளுள் ஒன்றாக, அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில் யோகத்தையும் சேர்த்தது. ஆயினும் பயன் மிதமானதே. மற்ற முறையான உடற்பயிற்சிகளைக் காட்டிலும் யோகம் மேம்பட்டதென்று உறுதியாகக் கூறச் சான்று போதாது. இதை மறைக்காமல் சொல்வது நலம். பாய் ஒன்றே போதும், பணச்செலவு இல்லை, வீட்டிலேயே செய்யலாம் என்பவை நம்மனோர்க்கு ஏற்ற சிறப்புகள்.

5. மூச்சின் பயன்

நிமிஷத்திற்கு 15 மூச்சு என்று கொண்டால் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு ஆகும். பழைய யோக நூல்கள் கூறும் கணக்கும் இதுவே. மூச்சு தானே நடக்கும்; நாம் விரும்பினால் அதை நெறிப்படுத்தவும் இயலும். இதயத்துடிப்பை நேரே நம் விருப்பப்படி மெதுவாக்க முடியாது. மூச்சின் வழியாக அதைத் தொட முடியும். உள்ளே இழுக்கையில் துடிப்புச் சற்று விரைகிறது. வெளியே விடுகையில் சற்றுத் தணிகிறது. எனவே வெளிவிடும் மூச்சு நீண்டால் உடல் அமைதியடைகிறது. நிமிஷத்திற்கு 6 மூச்சு என்ற அளவில் நிதானமாகச் சுவாசிக்கும்போது, இரத்த அழுத்தத்தை ஒழுங்குபடுத்தும் உடலின் இயற்கை ஏற்பாடு நன்கு செயற்படுவதாக ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

பாவில் இழை அறுந்துகொண்டேயிருக்கும் நாளில் கோபம் வருகிறது. கோபத்தில் கை முரட்டுத்தனமாக அடிக்கிறது. மேலும் இழைகள் அறுகின்றன. அத்தருணத்தில் நாடாவை வைத்துவிட்டுப் பத்து நீண்ட மூச்சு விட்டுப் பின் முடிச்சுப் போடத் தொடங்கும் நெசவாளர், நேரத்தை இழப்பதில்லை, மிச்சப்படுத்துகிறார். யோகத்தின் அன்றாடப் பயன் என்பதற்கு இதனினும் எளிய உதாரணம் வேண்டுவதில்லை.

6. செய்முறை

காலையில் வெறும் வயிற்றில், அல்லது உணவுண்டு மூன்று மணி நேரம் கழிந்தபின், 20 நிமிஷம் ஒதுக்கினால் போதும். பஞ்சுத்தூசி பறக்கும் தறிக்கூடத்திலும், பூச்சிமருந்து தெளித்த வயலருகிலும் மூச்சுப் பயிற்சி செய்தலாகாது. திண்ணையோ முற்றமோ ஏற்றது.

(அ) நேராக நின்று, மூச்சை இழுத்துக்கொண்டே இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்துக, விட்டுக்கொண்டே இறக்குக. ஆறு முறை.

(ஆ) கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, மூச்சை இழுக்கையில் முதுகைத் தாழ்த்தி முகத்தை நிமிர்த்துக. விடுகையில் பூனை முதுகை உயர்த்துவதுபோல் உயர்த்துக. எட்டு முறை.

(இ) குப்புறப் படுத்து, கைகளைத் தோள்களருகே வைத்து, முதுகின் வலிவாலேயே மார்பைச் சிறிது உயர்த்தி இறக்குக. இது புஜங்காசனம். மூன்று அல்லது நான்கு முறை. நாள் முழுதும் முன்வளைவோருக்கு இது மாற்றாகும்.

(ஈ) மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மார்பை நோக்கி அணைத்துச் சிறிது நேரம் இருந்து விடுக. பின் மறுகால். மும்மூன்று முறை.

(உ) நிமிர்ந்து அமர்ந்து, மூக்கினால் மெல்ல இழுத்து அதனினும் மெல்ல விடுக. ஐந்து நிமிஷம். மூச்சை அடக்க முயலவேண்டா.

(ஊ) மல்லாந்து கைகால்களைத் தளரவிட்டு ஐந்து நிமிஷம் அசைவற்றிருக்க. இது சவாசனம். இதை விட்டுவிடலாகாது.

வேலையின் நடுவே: அரை மணிக்கு ஒரு முறையேனும், நெய்த துணியைப் படமரத்தில் சுற்றும் வேளையில், தோள்களைப் பின்னுக்குத் தள்ளி நிமிர்ந்து, தொலைவிலுள்ள மரத்தையோ வானத்தையோ நோக்கி மூன்று நீண்ட மூச்சு விடுக. களையெடுப்போர் வரப்பை அடையும்போதெல்லாம் இடுப்பில் கைவைத்து மெல்லப் பின்சாய்ந்து நிமிர்க.

7. எச்சரிக்கை

யோகம் எல்லா நோயையும் தீர்க்கும் என்று கூறுவோரை நம்பற்க. நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்திற்கோ மருந்து உண்போர், மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தலாகாது. இரத்த அழுத்தம் மிக்கவரும், கண்ணில் நீரழுத்த நோய் உள்ளவரும் தலைகீழாக நிற்கும் ஆசனங்களைத் தவிர்க்கவேண்டும். கருவுற்ற பெண்களும், குடலிறக்கம் உள்ளவரும் தக்கவரிடம் கேட்டே தொடங்குக. முதுகுவலி காலுக்குப் பரவி மரத்துப்போதல், பலவீனம் ஆகியவை தோன்றினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்க. வலிக்குமளவு செய்வது வீரமன்று.

மைசூர் அரசரின் ஆதரவில் யோகம் கற்பித்துப் பின்னர்ச் சென்னையில் வாழ்ந்து 1989-ல் மறைந்த கிருஷ்ணமாச்சாரியார், பயிற்சி மனிதனுக்கு ஏற்ப அமையவேண்டும், மனிதனைப் பயிற்சிக்காக வளைக்கலாகாது என்ற நெறியைப் போற்றினார். பாய் நெசவுக்குப் பெயர்பெற்ற பத்தமடையில் 1887-ல் பிறந்த சுவாமி சிவானந்தரோ, மலேயாவில் மருத்துவராகப் பணியாற்றிய பின்னரே துறவு பூண்டு, 1936-ல் ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவி யோகத்தைப் பரப்பினார். மருத்துவமும் யோகமும் பகையல்ல என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

8. சங்கம் செய்யக்கூடியது

2014-ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 21-ஐ உலக யோக தினமாக அறிவித்தது. 2015 முதல் அது கொண்டாடப்பட்டு வருகிறது. ஆண்டுக்கு ஒரு நாள் விழா எடுப்பது எளிது. எஞ்சிய 364 நாட்களே முக்கியம்.

ஒன்றை மறத்தலாகாது. தறிக்குழியில் ஈரம் ஊறினால், அமரும் பலகை உயரம் பொருந்தாவிடில், வெளிச்சம் போதாவிடில், அவற்றை ஆசனத்தால் ஈடுசெய்ய முடியாது. போதிய கூலியும் வயிறார உணவும் இன்றி மனநிறைவைப் போதிப்பதும் முறையன்று. ஆகவே சங்கங்கள் இரண்டையும் ஒருங்கே கவனிக்கவேண்டும்: தறிக்கூடத்தின் குறைகளைக் களைவது ஒன்று, வாரம் இருமுறை, தேர்ந்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், சங்கக் கட்டடத்தில் பயிற்சி நடத்துவது மற்றொன்று. பெண்களுக்கு அவர்கள் வேலைக்கு ஒத்த நேரத்தில் தனி வகுப்பு அமைதல் வேண்டும். நூலும் விதையும் கூட்டாக வாங்கக் கற்ற நாம், ஆரோக்கியத்தையும் கூட்டாகத் தேடக் கற்போமாக.

படிப்பு வட்டத்தில் ஆராயவேண்டிய வினாக்கள்

1. உழைப்புக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு யாது? உங்கள் தொழிலில் எவ்வுறுப்பு மிகுதியாக வருந்துகிறது?

2. ஐந்து இயமங்களுள் நமது சங்கத்தில் மிகவும் குறைவாகக் காணப்படுவது எது? அதைச் சீர்செய்ய வழி என்ன?

3. உங்கள் தறிக்கூடத்திலோ வயலிலோ, பயிற்சியால் தீராத, இடத்தைத் திருத்தினால் மட்டுமே தீரக்கூடிய குறைகள் எவை? அவற்றை எழுதி அடுத்த கூட்டத்தில் நிர்வாகக் குழுவின்முன் வையுங்கள்.