கதையின் தலைவாசல்

நுழையும்முன்

கதை கேட்கும் ஆர்வம் எல்லாருக்கும் உண்டு. கதை எழுத அமரும்போதோ வெள்ளைத்தாள் நம்மை அச்சுறுத்துகிறது. எந்தச் சொல்லால் தொடங்குவது என்னும் தயக்கத்திலேயே பல கதைகள் பிறவாமல் போகின்றன. கதையின் முதல் தொடர் எவ்வாறு அமைகிறது, அதற்கான பொருளை எங்கே தேடுவது என்பவற்றைச் சேலம், நாமக்கல் சமவெளியைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

தொடக்கத்தின் பணி

பாட்டி கதை சொல்லத் தொடங்கியதும் குழந்தை ‘உம்’ கொட்டத் தொடங்குகிறது. வாய்மொழிக் கதையில் கேட்பவர் எதிரே இருக்கிறார். சொல்பவரின் குரலும் முகமும் அவரை எழவிடாமல் இருத்திவைக்கின்றன. எழுத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. படிப்பவர் எந்த நொடியிலும் நூலை மூடிவிடலாம். ஆகவே, குரல் செய்த வேலையை முதல் தொடர் செய்ய வேண்டியுள்ளது.

நல்ல தொடக்கம் மூன்று செயல்களைச் செய்கிறது. படிப்பவரை ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ‘ஏன்?’, ‘இனி என்ன?’ என்னும் வினாக்களுள் ஒன்றை எழுப்புகிறது. கதை எந்தக் குரலில் சொல்லப்படும் என்பதை உணர்த்துகிறது. செருமானிய மொழியில் எழுதிய காஃப்காவின் ‘உருமாற்றம்’ 1915இல் வெளிவந்தது. காலையில் கண்விழிக்கும் ஒருவன் தான் ஒரு பூச்சியாக மாறியிருப்பதைக் காண்கிறான் என்பதை அக்கதை முதல் தொடரிலேயே கூறிவிடுகிறது. வியப்புக்குரிய அச்செய்தி, வியப்பே இல்லாத குரலில் சொல்லப்படுகிறது. அக்குரலே நம்மை உள்ளிழுக்கிறது.

வெயிலும் மரமும்

நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோட்டை அடுத்த கூட்டப்பள்ளியில் 1966இல் பிறந்தவர் எழுத்தாளர் பெருமாள்முருகன். அவருடைய ‘பூக்குழி’ நாவலின் தொடக்கத்தில், மணம் செய்துகொண்ட இளம் இணையர் பேருந்திலிருந்து கொளுத்தும் வெயிலில் இறங்குகின்றனர். கணவனின் ஊரை நோக்கி நடக்கின்றனர். அவர்கள் வெவ்வேறு சாதியினர் என்பதும், ஊர் அவர்களை ஏற்குமா என்பதும் பின்னரே விரிகின்றன. ஆனால், நிழலற்ற அந்த வெட்டவெளியும் வெயிலும் வரவிருக்கும் துன்பத்தை முன்னதாகவே நம் உடம்புக்கு உணர்த்திவிடுகின்றன.

அவருடைய ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. மாமனார் வீட்டு வாசலில் தழைத்து நிற்கும் பூவரச மரத்தடியில் அது தொடங்குகிறது. நாயகனும் நாயகியும் மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளாகியும் பிள்ளைப்பேறு இல்லாதவர்கள். மரம் செழித்திருக்கிறது, அவர்களுடைய மனம் வாடியிருக்கிறது. துயரத்தை ஆசிரியர் நேராகக் கூறவில்லை. ஒரு மரத்தைக் காட்டுகிறார். கதையின் உயிரான சிக்கலை ஒரு காட்சிக்குள் வைத்துத் தொடங்குவது இவ்விரு நாவல்களுக்கும் பொது.

வீட்டுச் சொல்லும் ஏட்டுச் சொல்லும்

‘எழுதுவதற்கு எங்கள் ஊரில் என்ன இருக்கிறது?’ என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். வேறு சிலர், வீட்டில் பேசும் சொற்கள் எழுத்துக்குத் தகுதியற்றவை எனக் கருதுகின்றனர். இவ்விரண்டு எண்ணங்களுக்கும் இந்நிலத்தின் இலக்கியமே விடை கூறுகிறது.

பெருமாள்முருகனின் முதல் நாவலான ‘ஏறுவெயில்’ 1991இல் வெளியானது. குடியிருப்பு அமைப்பதற்காக நிலத்தை இழந்த ஓர் உழவர் குடும்பத்தின் கதை அது. திரையரங்கில் வேலை செய்யும் சிறுவர்களின் வாழ்வை ‘நிழல்முற்றம்’ கூறுகிறது. ஆடு மேய்க்கும் சிறுவர்களின் உலகத்தைக் ‘கூளமாதாரி’ காட்டுகிறது. அவருக்கு மூத்தவரும் நாமக்கல் பகுதியைச் சேர்ந்தவருமான கு. சின்னப்பபாரதி, ‘தாகம்’ நாவலில் உழவுத் தொழிலாளர் வாழ்வையும், ‘சங்கம்’ நாவலில் கொல்லிமலைப் பழங்குடியினரின் வாழ்வையும் எழுதினார். இவை யாவும் பலர் நாள்தோறும் கண்டும் கருதாமல் கடந்துபோன வாழ்க்கைகளே.

சொல்லும் அத்தகையதே. ‘மரவள்ளிக்கிழங்கு’ என்பது எல்லாருக்கும் விளங்கும் சொல். ‘குச்சிக்கிழங்கு’ என்றதும் சேலத்துக் காடு கண்முன் வருகிறது. ‘தொழுவம்’ பொதுச்சொல், ‘கட்டுத்தரை’ கொங்குப் பகுதியின் சொல். ஒரே சொல்லில் இடமும் குரலும் அமைந்துவிடுவதால், வட்டாரச் சொல் தொடக்கத் தொடரின் சுமையைப் பாதியாகக் குறைக்கிறது.

நம் நிலத்தில் நான்கு வாயில்கள்

இப்பகுதியின் வாழ்விலிருந்து பயிற்சிக்காக அமைத்த நான்கு தொடக்கங்களைக் காண்போம்.

1. “அணை வற்றிய கோடையில்தான் அப்பாரு தம்முடைய ஊரை எனக்குக் காட்டினார்.”

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீர்ப்பரப்பில் ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் வெகுவாகக் குறையும்போது பண்ணவாடிப் பகுதியில் பழைய கோவிலின் நந்தி சிலையும் கிறித்தவ ஆலயக் கோபுரமும் வெளியே தெரிகின்றன. நீருக்கடியில் ஊர் ஒன்று இருக்கிறது என்பதே ஒரு கதை. அந்த ஊரில் விட்டுவந்தது எது என்பதை நீங்கள்தாம் கூற வேண்டும்.

2. “ரிக் வண்டியோடு வடக்கே போன அண்ணன், இந்தமுறை நடந்தே வீடு வந்து சேர்ந்தான்.”

ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்து இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன. வண்டி எங்கே, ஊதியம் எங்கே, அண்ணன் ஏன் நடந்து வந்தான் என மூன்று வினாக்களை ஒரே தொடர் எழுப்புகிறது.

3. “களத்தில் காய்ந்த சவ்வரிசி மழையில் நனைந்த இரவில் அம்மா சிரித்தாள்.”

சேலம் மாவட்டச் சேகோ ஆலைகளில் சவ்வரிசியை வெயிலில் உலர்த்துவர். மழை அங்கே இழப்பு. இழப்பின்போது எழும் சிரிப்பு முரணாக ஒலிக்கிறது. முரண் வலுவான தொடக்கமாகும். எனினும், அச்சிரிப்புக்குரிய காரணம் கதைக்குள் இருந்தாக வேண்டும்.

4. “எடை போட்டபின் முதலாளி எப்போதும் அம்மாவின் கைகளைத்தான் பார்ப்பார், இன்று என் கைகளைப் பார்த்தார்.”

சேலத்தில் வெள்ளிக் கொலுசுத் தொழில் சிறு பட்டறைகளிலும் வீடுகளிலும் நடைபெறுகிறது. எடை குறைந்ததா, ஐயம் யார்மீது என்பவற்றைத் தொடர் வெளிப்படையாகக் கூறவில்லை. ‘எப்போதும்’, ‘இன்று’ என்னும் இரு சொற்களுக்கு இடையே கதை நிற்கிறது.

செப்பம் செய்தல்

பின்வரும் தொடக்கத்தைப் படியுங்கள்: “சேலம் மாவட்டத்தில் ஓர் அழகிய கிராமம் இருந்தது. அங்கு மாரியப்பன் என்பவர் வறுமையில் வாடினார்.” இதில் பிழை ஏதும் இல்லை, காட்சியும் இல்லை. ‘அழகிய’ என்பதும் ‘வறுமை’ என்பதும் எழுதுபவரின் முடிவுகள். படிப்பவர் தாமே கண்டறிய ஒன்றும் எஞ்சவில்லை.

அதையே இவ்வாறு மாற்றலாம்: “அடகு வைத்த தன் காட்டிலேயே மாரியப்பன் கூலிக்குக் குச்சிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்.” ‘வறுமை’ என்னும் சொல் நீங்கிவிட்டது, வறுமை கண்ணுக்குத் தெரிகிறது. அடகை மீட்பாரா என்னும் வினாவும் பிறந்துவிட்டது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தொடக்கம் என்பது படிப்பவருக்கு எழுத்தாளர் அளிக்கும் வாக்கு. அதிர்ச்சிக்காக மட்டும் ஒரு கொலையையோ விபத்தையோ முதல் தொடரில் வைத்துவிட்டுப் பின்னர் அதை மறந்துவிட்டால், படிப்பவரின் நம்பிக்கை உடைந்துபோகும். ஆதலால், கதை முழுவதையும் எழுதி முடித்தபின் முதல் தொடரை மீண்டும் படியுங்கள். எழுதிய கதைக்கு அது பொருந்தவில்லையெனில் தயங்காமல் மாற்றுங்கள். சில வேளைகளில் கதையின் உண்மையான தொடக்கம் இரண்டாம் பத்தியில் ஒளிந்திருக்கும். முதல் பத்தியை நீக்கினாலே அது வெளிப்பட்டுவிடும்.

தெரிந்து தெளிவோம்

கொங்குப் பகுதி மக்களின் வழக்குச் சொற்களைத் தொகுத்துப் பெருமாள்முருகன் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ என்னும் நூலை உருவாக்கியுள்ளார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் மட்டும் அல்லது உங்கள் ஊரில் மட்டும் வழங்கும் சொற்கள் பத்தினைத் தொகுத்து, அவற்றுள் ஒன்று இடம்பெறுமாறு கதைத் தொடக்கம் ஒன்றை எழுதுக.

2. மேற்கண்ட நான்கு தொடக்கங்களுள் ஒன்றைத் தேர்ந்து, அது அளிக்கும் வாக்கை நிறைவேற்றும் வகையில் ஒரு பக்கச் சிறுகதை படைக்க.

3. கோழிப்பண்ணை, விசைத்தறிக் கூடம், சரக்குந்துப் பட்டறை ஆகியவற்றுள் ஒன்றில் பணிபுரிவோரிடம் உரையாடி, அவர்தம் ஒருநாள் வாழ்வைக் கதையாகத் தொடங்குக.

4. நீங்கள் படித்த சிறுகதை ஒன்றின் தொடக்கம் எழுப்பும் வினாவையும், முடிவு அதற்கு அளிக்கும் விடையையும் வகுப்பில் ஒப்பிட்டுப் பேசுக.