மேட்டில் யார் முன்னால் போவது?

"சைக்கிள்தானே! காலேஜ் நாள்ல ஓட்டாததா? வா, போகலாம்!"

சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகளையோ மகனையோ பார்க்கப் போன இடத்தில் அப்பா இப்படித்தான் ஆரம்பிப்பார். "எனக்கு மூச்சு வாங்குமேங்க" என்பார் அம்மா. "மெதுவாத்தானே போகப்போறோம்" என்று பதில் வரும். வாடகைக்கு இரண்டு சைக்கிள் எடுத்தாகிவிடும்.

கடலோரமாகப் போகிறவரை சுகம்தான். எம்பார்கடேரோ சாலை கோலம் போடலாம் போல சமதளம். ஊருக்குள் திரும்பினால்தான் சங்கதி தெரியும். மூன்று பக்கம் தண்ணீர், நடுவில் குன்று குன்றாக எழும்பி நிற்கிற நகரம் அது. அங்கே ஃபில்பர்ட் தெருவில் ஒரு பகுதியின் சரிவு 31.5 சதவீதம். அதாவது நூறு அடி முன்னே போவதற்குள் 31 அடிக்கு மேல் உயரம்! அங்கே போட்டோ எடுத்துக்கொள்வதோடு சரி, மிதித்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள்.

மேடு உடம்பை என்ன செய்கிறது? 70 கிலோ எடையுள்ள ஒருவர் சமதளத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்ட அதிக பலம் வேண்டாம். அதே வேகத்தில் 10 சதவீத மேட்டில் ஏறப் பத்து மடங்குக்கும் மேல் பலம் வேண்டும். அதற்கான ரத்தத்தையெல்லாம் இதயம்தான் அனுப்பியாக வேண்டும். கால் வலித்தால் தெரிந்துவிடும். இதயம் திணறுவது எல்லோருக்கும் உடனே தெரிவதில்லை.

சரி, தம்பதியாகப் போகும்போது நடக்கும் தவறு என்ன தெரியுமா? கணவர் முதலில் ஏறி, மேட்டு உச்சியில் நின்று தண்ணீர் குடித்து, வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்து நிமிடம் கழித்து மனைவி வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்வார். "வந்துட்டியா? போலாமா?" அவருக்கு ஓய்வு கிடைத்துவிட்டது. இவருக்கு? ஒவ்வொரு மேட்டிலும் இதே கதை. வலுவுள்ளவருக்கு ஓய்வு, வலுவில்லாதவருக்கு ஓட்டம். "நம்மால அவருக்கு ஏன் இடைஞ்சல்" என்று அம்மா வாயைத் திறக்கவும் மாட்டார்.

வீட்டுக்கு வீடு இது மாறியும் இருக்கும். பி.பி. மாத்திரை சாப்பிடுகிற கணவர், மனைவி முன்னால் இறங்கித் தள்ளுவதை கௌரவக் குறைச்சலாக நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவார். இதுதான் அதிக ஆபத்து.

ஆகவே மேட்டில் மெதுவாகப் போகிறவர் முன்னால் போகட்டும். அவர் வேகம்தான் இருவருக்கும் வேகம். பின்னால் வருகிறவர் அவ்வப்போது பேச்சுக் கொடுக்க வேண்டும். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் சரி. "ம்", "ஆமா" என்று ஒற்றைச் சொல்லாக வந்தால் இருவரும் இறங்கிவிடுங்கள். நாடி பிடித்துப் பார்ப்பதைவிட இது நம்பகமானது. ஏனென்றால் பி.பி.க்காகவும் இதயத்துக்காகவும் தரும் சில மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாது. எண்ணிப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது.

மேட்டைச் சுற்றிக்கொண்டு போகவும் வழி இருக்கிறது. மார்க்கெட் தெரு பக்கமிருந்து கோல்டன் கேட் பூங்காவை நோக்கி, குன்றுகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து போகும் ஒரு மைல் பாதையை அங்கே 'விகிள்' என்பார்கள். நெளிவு என்றுதான் அர்த்தம். சராசரிச் சரிவு 3 சதவீதம்தான், எங்கும் 6 சதவீதத்தைத் தாண்டாது. பூங்காவுக்குள் ஜே.எஃப்.கே. டிரைவின் ஒரு பகுதியில் கார் கிடையாது. 2022-ல் மக்கள் ஓட்டுப்போட்டு அதை உறுதி செய்தார்கள். அங்கிருந்து கடலை நோக்கிப் போகும்போது பெரும்பாலும் இறக்கம். அந்தக் குஷியில் பலத்தைச் செலவழித்துவிடாதீர்கள், திரும்பும்போது அத்தனையும் ஏற வேண்டுமே!

பேட்டரி சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கும். ஒன்றுதான் எடுப்பதென்றால் மூச்சு வாங்குகிறவருக்குக் கொடுங்கள். சாதா சைக்கிளில் லேசான கியருக்கு மேடு தொடங்குமுன்பே மாறிவிடுங்கள். கனமான கியரில் அழுத்தி மிதித்தால் மறுநாள் முழங்கால் பேசும். சீட் மிகவும் தாழ்ந்திருந்தாலும் அப்படித்தான். மிதி கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கிற உயரம் சரி.

ஏற்றத்தைவிட இறக்கத்தில் விழுகிறவர்கள் உண்டு. அங்கே இடது கைப் பிரேக்தான் முன் சக்கரத்தைப் பிடிக்கும். உங்கள் கைப்பழக்கம் வேறாக இருந்தால், பதற்றத்தில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிக் குப்புற விழ நேரும். கிளம்புமுன் தெருவில் நாலு தடவை பழகுங்கள். சாலையின் வலது ஓரமாகப் போக வேண்டும். கேபிள் கார் தண்டவாளத்தை நேர்க்கோணத்தில் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் இடுக்கில் மாட்டும். துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொள்ளுங்கள். தலைக்கு ஹெல்மெட் போடுங்கள். பெரியவர்களைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லைதான், ஆனால் மண்டைக்கு அது தெரியாதே!

ஆகஸ்ட் மாதம், வெயில் காலம் என்று மெல்லிய சட்டையோடு போகாதீர்கள். கடல் மூடுபனி இறங்கினால் மதியத்திலும் 20 டிகிரியைத் தாண்டாத நாட்கள் உண்டு. ஏறும்போது வியர்த்த பருத்திச் சட்டை, இறங்கும்போது காற்றுப் பட்டு ஐஸ் துணி ஆகிவிடும். குளிர் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் என்பதால் இதயநோய் உள்ளவர்கள் மேலுக்கு ஒரு ஜாக்கெட் வைத்துக்கொள்ள வேண்டும். 1937-ல் திறந்த கோல்டன் கேட் பாலம் தண்ணீருக்கு மேல் 220 அடி உயரத்தில் நிற்கிறது. அந்த உயரத்தையும் நீங்கள்தான் ஏறியாக வேண்டும், மேலே குறுக்குக் காற்று வேறு! பாலம் தாண்டி சாசலிட்டோவில் இறங்கினால், அதே வழியில் திரும்பாதீர்கள். படகில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம்.

இரண்டு மாடி ஏறினாலே மார்பு கனக்கிறவர்கள், ஊரிலேயே டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் இதையெல்லாம் யோசிக்க வேண்டும். வழியில் மார்பில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே நின்று 911-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு மார்வலி இல்லாமல் அசதியும் குமட்டலும் முதுகுவலியும் மட்டுமே வரலாம். "சாப்பிட்டது சேரலை போல" என்று தள்ளிவிடாதீர்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும். கை நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் என்றால் 15 கிராம் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். சைக்கிள் விட்டதன் பாதிப்பு அன்று ராத்திரியும் தொடரலாம். படுக்குமுன் ஒருமுறை சோதித்துவிட்டு, ஏதாவது சாப்பிடக்கூடியதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுங்கள்.