ஸ்பிரிங் வாசர் போட்டும் நட்டு கழல்வது ஏன்?

கேள்வி: ஸ்பிரிங் வாசர் போட்டு இறுக்கினாலும் படகு எஞ்சின் நட்டுகள் கழன்றுவிடுகின்றனவே? – வாசகர், சீனன்குடா, திருகோணமலை.

பதில்: பழி முழுவதும் இறுக்கியவர்மேல் போட வேண்டாம். கொட்டியாரக் குடாவில் ஓடும் படகின் டீசல் எஞ்சின் ஓயாமல் அதிரும். குறுக்குவாட்டில் வரும் அதிர்வே நட்டைக் கழற்றுவதில் முதல் எதிரி என்பதை ஜெர்மன் பொறியியலாளர் யுங்கர் 1969இல் சோதித்துக் காட்டினார். ஸ்பிரிங் வாசரோ, முழுக்க இறுகியதும் தட்டையாகிவிடும். அதன்பின் அது சாதாரண வாசர்தான். பூட்டும் திறனே இல்லை என்று நாசாவின் 1990ஆம் ஆண்டுக் கையேடு சொல்கிறது. கடைகளில் அதன் மவுசு மட்டும் குறையவில்லை!

பல் வாசரின் வேலை வேறு. பெயின்டைக் கீறி உலோகத்தைத் தொடுவதால் எர்த் இணைப்புக்கு நல்லது.

சோடியாக வரும் சரிவு வாசரே கெட்டிக்காரன். அதன் உட்சரிவு போல்ட்டின் மரைச் சரிவைவிடச் செங்குத்து. நட்டு கழலத் திரும்பினால் போல்ட் இன்னும் இழுபட்டு இறுகும். படகுக்கும், மாவு ஆலை, சீமெந்து ஆலை போன்ற அதிரும் இடங்களுக்கும் ஏற்றது. பேரிங் நட்டுகளுக்கு நாக்கு மடிக்கும் வாசர். மடித்த நாக்கை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

உப்புக் காற்றுக்கு 316 வகைத் துருப்பிடிக்காத எஃகையே கேட்டு வாங்குங்கள்.