திருநாதர்குன்றத்து நிசீதிகை

செஞ்சி நகருக்கு வடக்கே திருநாதர்குன்று என்னும் சிறு குன்றம் உளது. அதன் பாறையில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்களும் வரிசைக்குப் பன்னிரண்டாகச் செதுக்கப்பட்டிருத்தலை நம்மவருள் பலர் கண்டு வணங்கியிருப்பர். அங்குள்ள கல்வெட்டைக் கருதி நின்றவர் சிலரே.

ஏறத்தாழ கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டினது என அறிஞர் கருதும் அக்கல்வெட்டு உரைப்பது மிகச் சிறிது. 57 நாள் அநசனம் நோற்ற சந்திரநந்தி ஆசிரிகரின் நிசீதிகை அது, அவ்வளவே. பெற்றோர் பெயரில்லை, ஆண்ட மன்னன் பெயருமில்லை. நாட்கணக்கு, நோன்பு, பெயர், ஆசிரியர் என்னும் தகுதி ஆகிய நான்கே கல்லில் நின்றன. (பள்ளியாசிரியையாக இருந்தவளாதலின் நான்காவதில் எனக்குச் சற்றே பெருமை உண்டு.) இளைய பட்டாரகர் 30 நாள் நோற்றதைக் கூறும் பிற்காலக் கல்வெட்டொன்றும் அக்குன்றில் உண்டு.

சல்லேகனையைத் தற்கொலை எனக் கருதி இராசத்தான் உயர்நீதிமன்றம் 2015 ஆகஸ்டு 10ஆம் நாள் தீர்ப்பளித்தது. அம்மாதம் 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அக்காலத்தில் நம் பிள்ளைகள் வினவியபோது விடை கூறத் தெரியாது திகைத்த இல்லங்கள் பல. விடை சமந்தபத்திராசாரியாரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் உளது. தீர்வற்ற இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் இவை நேருமிடத்து அறத்தின்பொருட்டு உடலைத் துறத்தலே சல்லேகனை. அதன் குற்றங்கள் ஐந்து: வாழ விழைதல், சாக விழைதல், அஞ்சுதல், நண்பரை நினைத்தல், மறுமைப் பயனை வேண்டுதல். விரைந்து சாக விழைதலும் குற்றமெனின், அதனைத் தற்கொலையென்பது எங்ஙனம் பொருந்தும்?

நான்காம் குற்றமே என்னை நெடுநாள் வருத்தியது. நண்பரை நினைத்தலுமா குற்றம்? என் மாமியார் இறுதி நாட்களில் உணவைக் குறைத்துப் பஞ்சநமஸ்காரத்தில் மனம் வைத்திருந்தார். "அம்மா, நான் யார் தெரிகிறதா?" என்று நாங்கள் மாறி மாறிக் கேட்டோம். ஒருமுறை கண்திறந்து நோக்கினார், பின் மூடிக்கொண்டார். அவரை எம்பால் இழுத்துக்கொண்டிருந்தோம் என்பது பின்னரே எனக்கு விளங்கிற்று.

நோற்பவர் நினைவை விடுகிறார். நினைக்கும் கடன் உடனிருப்போர்க்கு உரியதாகிறது. ஐம்பத்தேழு என எண்ணியவர் சந்திரநந்தியார் அல்லர். பக்கத்திலிருந்த எவரோ நாள்தோறும் எண்ணி வந்தார். தம் பெயரை அவர் கல்லில் பொறிக்கவில்லை.

மேல்சித்தாமூர் மடத்திற்குச் செல்வோர் பிள்ளைகளுடன் இக்குன்றிற்கும் சென்று வருக. காலைச் சாய்வெயிலில் கல்லெழுத்து தெளிவுறத் தெரியும். சுண்ணத்தால் தேய்த்துப் பார்த்தல் வேண்டா.