சிறிய உழவு இயந்திரமும் சுழற்கலப்பையின் அகலமும்

சுழற்கலப்பை வாங்கச் செல்லும் கமக்காரரிடம் முதலிற் கேட்கப்படும் கேள்வி, எத்தனை அடி வேண்டும் என்பதே. அகலம் கூடினால் வேலை விரைவில் முடியும் என எண்ணி, அநேகர் தமது இயந்திரம் தாங்கக்கூடியதிலும் ஓரடி கூடியதை வாங்கிவிடுகின்றனர். இதன் பலன் முதற் போகத்திலேயே தெரியவரும். எரிபொருட் செலவு ஏறும். உழவின் ஆழம் குறையும். வலுவெடுப்புத் தண்டின் மூட்டுக்களும் பற்சில்லுப் பெட்டியும் காலத்துக்கு முன்னரே தேய்ந்துவிடும். கடன்பட்டு வாங்கிய கலப்பையைப் பாதி விலைக்கு விற்க நேரிடுவதிலும் பார்க்க, வாங்குமுன் சிறிது கணக்குப் பார்த்தல் நன்று. முப்பது பரிவலுவும் அதற்குக் குறைந்த வலுவுமுடைய இயந்திரங்களை வைத்திருப்போருக்காக அக்கணக்கு இங்கே கூறப்படுகின்றது.

இறக்கைக் கலப்பையையும் கொத்துக் கலப்பையையும் இயந்திரம் இழுத்துச் செல்கின்றது. அவற்றுக்கு வேண்டியது சில்லுகளின் பிடிப்பும் இயந்திரத்தின் நிறையுமாம். சுழற்கலப்பையோ அவ்வாறன்று. அதன் கத்திகளை வலுவெடுப்புத் தண்டு சுழற்றுகின்றது. சுழலும் கத்திகள் மண்ணை வெட்டும்போது இயந்திரத்தை முன்னோக்கித் தள்ளவுஞ் செய்கின்றன. ஆதலினால், “என் இயந்திரம் பாரம் ஏற்றிய பெட்டியை மேட்டில் இழுக்கின்றது, ஐந்தடிக் கலப்பையை இழுக்காதா?” என்று கேட்பது பொருந்தாது. இங்கு கேள்வி இழுவையைப் பற்றியதன்று. தண்டின் நுனியில் எத்தனை பரிவலு கிடைக்கின்றது என்பதைப் பற்றியது.

இயந்திரத்தின் மூடியிலும் விற்பனைத் தாள்களிலும் எச்.பி. எனப் பெரிதாக எழுதப்பட்டிருக்கும் எண் பெரும்பாலும் என்ஜினின் பரிவலுவாகும். அதில் ஒரு பகுதி பற்சில்லுகளிலும் நீரியல் பம்பியிலும் பிறவற்றிலும் கழிந்துவிடும். நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தண்டுக்கு வந்து சேரும் எனக் கொள்ளலாம். கையேட்டில் வலுவெடுப்புத் தண்டின் பரிவலு தனியே தரப்பட்டிருப்பின் அதனையே எடுத்துக்கொள்க. பழைய இயந்திரமாயின் இன்னுஞ் சிறிது கழித்துப் பார்த்தல் வேண்டும்.

நடுத்தர மண்ணில், ஐந்து அல்லது ஆறு அங்குல ஆழத்துக்கு உழுவதற்கு, கலப்பையின் ஒவ்வோர் அடி அகலத்துக்கும் தண்டிலே ஐந்து பரிவலு வேண்டும் என்பது கைக்கணக்கு. இதன்படி என்ஜின் வலு 20 ஆயின் தண்டில் 17 கிடைக்கும். மூன்றரை அடிக்குச் சற்றுக் குறைந்த கலப்பை போதும். 24 ஆயின் தண்டில் ஏறக்குறைய 20, நான்கடி. 30 ஆயின் தண்டில் ஏறக்குறைய 25, ஐந்தடி. இவை மேல் எல்லைகள் என்பதை மறத்தலாகாது.

மண்ணின் தன்மை இக்கணக்கை மாற்றும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் பொலபொலப்பானது. அங்கு ஐந்து பரிவலுக் கணக்குத் தாராளமாகும். ஆனால் சுண்ணாம்புக் கற்கள் மேலே கிடக்கும் காணிகளில் கத்திகளுக்குச் சேதமுண்டாகும். வன்னியிலும் கிழக்கிலும் பரந்துள்ள செங்கபில மண், ஈரமிருக்கும்போது இலகுவாக வெட்டுப்படும். காய்ந்தபின் கல்லுப்போல் இறுகிவிடும். முருங்கன் பகுதிக் கருமண் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் கத்தியில் ஒட்டும். இவ்விரண்டுக்கும் அடிக்கு ஆறு பரிவலு எனக் கொள்வது பாதுகாப்பானது. கையில் எடுத்த மண்ணுருண்டை அழுத்தும்போது உதிருமாயின் அதுவே மேட்டுநில உழவுக்குத் தக்க ஈரம். புழுதியாகக் காய்ந்த நிலத்தில் முதலுழவைச் சுழற்கலப்பைக்கு விடாது, கொத்துக் கலப்பையாற் செய்து, பின்னர் சுழற்கலப்பையைப் பூட்டினால் வலுவும் கத்தியும் மிச்சமாகும்.

அகலம் கூடியதனால் வேலை விரைவாகின்றதா என்பதை ஓர் உதாரணத்தாற் காட்டுவோம். 24 பரிவலு இயந்திரம் ஒன்று நான்கடிக் கலப்பையுடன் மணிக்கு மூன்று கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றது எனக் கொள்வோம். திரும்பும் நேரத்தைக் கணக்கிலெடாவிடின் அது மணிக்கு ஏறக்குறைய ஒன்பது பத்திலொரு பங்கு, அதாவது 0.9 ஏக்கர் உழும். அதே இயந்திரத்தில் ஐந்தடிக் கலப்பையைப் பூட்டினால் அந்த வேகத்தில் என்ஜின் திணறும். சாரதி கியரைக் குறைக்கவே நேரிடும். கியர்கள் படிப்படியாக அமைந்தவை. வேண்டிய அளவுக்கு மாத்திரம் வேகத்தைக் குறைக்க இயலாது. அடுத்த கியரில் வேகம் இரண்டு கிலோமீற்றராயின் மணிக்கு 0.75 ஏக்கரே உழப்படும். ஓரடி அகலத்துக்குக் கூடுதலாகப் பணங் கொடுத்தவர் நாளொன்றுக்கு உழும் பரப்பிற் குறைவையே பெறுகின்றார்.

வேகங் குறைவதனால் இன்னொரு தீங்கும் உண்டு. கத்திகளின் சுழற்சி மாறாதிருக்க இயந்திரம் மெதுவாகச் செல்லுமாயின், ஒவ்வொரு கத்தியும் வெட்டும் மண் துண்டு மெல்லியதாகும். நிமிடத்துக்கு 200 தரம் சுழலும் அச்சில், ஒரு வரிசையில் மூன்று கத்திகள் இருப்பின், மணிக்கு மூன்று கிலோமீற்றர் வேகத்தில் ஒவ்வொரு வெட்டும் ஏறக்குறைய மூன்றேகால் அங்குலம். இரண்டு கிலோமீற்றரில் இரண்டேகால் அங்குலத்துக்கும் குறைவு. சேற்று வயலுக்கு இதனாற் பெருங் கெடுதியில்லை. மரக்கறித் தோட்டத்திலோ மண் மாவாகி, முதல் மழையுடன் மேலே ஓடுபோலப் படர்ந்துவிடும். வெங்காயமும் கரட்டும் அதனூடே முளைத்தெழ வருந்தும்.

இனி, சில்லுகளை நோக்குவோம். வலுவுக்கு மிஞ்சாத கலப்பையாயினும், பின்சில்லுகளின் வெளிப்புற அகலத்திலும் ஒடுங்கியதாயின், உழுத மண்ணின் ஓரத்திற் சில்லுத் தடம் அழுந்திக் கிடக்கும். ஆகையால் கடைக்குச் செல்லுமுன் இடச்சில்லின் வெளி விளிம்பிலிருந்து வலச்சில்லின் வெளி விளிம்பு வரை நாடாவால் அளந்து குறித்துக்கொள்க. அளவு நான்கடி நான்கு அங்குலமாகவும், வலு நான்கடிக்கு மாத்திரம் போதியதாகவும் இருப்பின் செய்யத்தக்கது யாது? ஐந்தடிக் கலப்பையை வாங்குதல் அன்று. அநேக இயந்திரங்களிற் சில்லு வளையங்களை மாற்றிப் பூட்டி இடைவெளியைக் குறைக்கலாம். அது இயலாதாயின் கலப்பையை ஒரு பக்கம் நகர்த்திப் பூட்டி, ஒரு தடத்தை முற்றாக மூடச் செய்க; மற்றத் தடத்தை அடுத்த சுற்று மூடிச் செல்லும். இம்முறையில் வயலை எப்பக்கமிருந்து சுற்றுவது என்பதில் மாத்திரம் சாரதி கவனமாயிருத்தல் வேண்டும்.

நிறையும் கவனத்துக்குரியது. அகன்ற கலப்பை பாரமானது. அதனைத் தூக்கிக்கொண்டு வரம்பு ஏறும்போது முன்சில்லுகள் மேலெழும்பி, இயந்திரம் பின்பக்கம் சரிந்து உயிராபத்து விளையலாம்.

கமக்காரர் “லான்ட்மாஸ்ரர்” என்றழைக்கும் இருசில்லு இயந்திரங்களில் இத்தொல்லை குறைவு. எட்டு முதற் பன்னிரண்டு பரிவலு வரையுள்ளவற்றுக்கு ஏறக்குறைய இரண்டடிக் கலப்பை தொழிற்சாலையிலேயே பொருத்தமாக அமைக்கப்படுகின்றது. அகலத்தைக் கூட்ட அச்சின் இரு நுனியிலும் மேலதிகத் துண்டுகளைப் பூட்டுவோர், அவற்றை இளகிய சேற்றில் மாத்திரம் உபயோகிக்க. இறுகிய நிலத்துக்குச் செல்லுமுன் இருபக்கமும் சமமாகக் கழற்றிவிடல் வேண்டும். ஒரு பக்கம் மாத்திரம் கழற்றினால் இயந்திரம் நேராகச் செல்லாது ஒரு பக்கமாக இழுக்கும்.

மிளகாய், கத்தரி முதலியன நடுவோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியதொன்றுண்டு. வலுவுக்கு மிஞ்சிய கலப்பையை ஓட்டும் சாரதி, என்ஜின் திணறாதிருக்க அதனைச் சிறிது உயர்த்தி மூன்று அங்குலம் மாத்திரம் உழுவார். மேலே பார்க்க நிலம் அழகாயிருக்கும். போகந்தோறும் இவ்வாறே செய்யப்படின் கத்திகளின் அடி அதே ஆழத்தை அழுத்தித் தேய்க்க, அங்கு ஒரு வன்படை உண்டாகும். நெல் வயலில் நீர் நிற்பதற்கு வன்படை உதவும். தோட்டத்திலோ வேர் அதிற் தடைப்பட்டுப் பக்கவாட்டிற் படரும். மழை நீர் கீழிறங்காது தேங்கி வேரழுகலுக்கு இடமளிக்கும். மழை பெய்து இரண்டொரு நாளின் பின் விரல் மொத்தமான இரும்புக் கம்பியொன்றை நிலத்தில் ஊன்றிப் பார்க்க. இலகுவாக இறங்கிய கம்பி நாலைந்து அங்குலத்தில் திடீரெனத் தடைப்பட்டு, அதன் கீழ் மீண்டும் இளகுமாயின் வன்படை உண்டென அறியலாம். அதனைக் கொத்துக் கலப்பையால் உடைத்தல் வேண்டும்.

கலப்பையை வாங்குமுன் தமது காணியிலேயே ஓட்டிக் காட்டும்படி விற்பனையாளரைக் கேட்டல் கமக்காரரின் உரிமை. பெரும்பாலான சுழற்கலப்பைகள் வலுவெடுப்புத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுழலும்போது வேலை செய்யுமாறு அமைக்கப்பட்டவை. அந்தச் சுழற்சியில், ஆறங்குல ஆழத்தில், வயலின் ஒரு நீளம் ஓட்டிப் பார்க்க. என்ஜினின் ஓசை தாழ்ந்து கரும்புகை தொடர்ந்து வருமாயின் கலப்பை அகலங் கூடியது. ஓட்டத்தின்போது சாரத்தை மடித்துக் கட்டியவர்களும் பிள்ளைகளும் தண்டின் அருகே வராதபடி பார்த்துக்கொள்க. சுழலும் தண்டிற் சிக்கிய துணியை இழுத்தெடுக்க எவராலும் இயலாது. இருசில்லு இயந்திரத்தைப் பின்னோக்கிச் செலுத்துமுன் கத்திகளின் சுழற்சியை நிறுத்துதல் கட்டாயம். அளவுகளிற் சந்தேகம் உள்ளோர், இயந்திரத்தின் கையேட்டையும் சில்லு அளவையும் எடுத்துக்கொண்டு தமது பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் சந்திக்கலாம்.